கோளுக்கு முன்னால் கல்

எங்கள் பக்கத்தில் விண்கல் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு டைனோசர் ஞாபகம் வருவதில்லை, நாட்றம்பள்ளிதான் ஞாபகம் வருகிறது. 2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை, பட்டப்பகலில் அங்கே ஒரு கல்லூரி வளாகத்தில் எதுவோ வெடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார், இன்னும் சிலருக்குக் காயம், ஜன்னல்களும் பஸ் கண்ணாடிகளும் நொறுங்கின. தரையில் ஒரு சின்னக் குழி, கறுப்பாக ஒரு கல். விழுந்தது விண்கல் என்று முதலமைச்சர் அறிக்கையே வந்துவிட்டது. விண்கல்லால் உயிரிழந்த முதல் மனிதர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். ஆனால் ஒரு கதைக்கு ஊரில் ஒரு தடவைதான் பெயர் வைப்பார்கள். வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை, சிலர் தொட்டிலில் இருந்தார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது நேற்று நடந்த மாதிரி. எங்கள் ஊர் நாட்றம்பள்ளிக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாதிப் பேர் இந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள், மீதிப் பேர் ஆந்திராவில் தெலுங்குப் பள்ளிக்கு. நான் ஆசிரியை இல்லை, போஸ்ட் ஆபீசில் குப்பை கொட்டியவள். இருந்தும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடம். கதைப் புத்தகம் படிப்பது, கணக்குப் போடுவது என்று ஆரம்பித்தது, போகப் போக வானத்துக்கு வந்துவிட்டது.

வானம் என்றால் எங்கே தொடங்குவது என்பதில் எனக்கும் என் சிநேகிதிக்கும் பெரிய சண்டை. அவள் நிஜ ஆசிரியை, இருபது வருஷமாக அறிவியல் நடத்துகிறாள். முதலில் சூரியன், அப்புறம் எட்டுக் கோள்கள் வரிசையாக, அப்புறம் துணைக்கோள்கள், கடைசியில் நேரம் இருந்தால் சிறுகோளும் வால்நட்சத்திரமும். பாடப்புத்தகமும் அப்படித்தான். எனக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. எட்டுப் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. செவ்வாய் சிவப்பு, சனிக்கு வளையம், வியாழன் பெரியது, முடிந்தது பாடம். யார் பார்த்தார்கள், எப்படித் தெரியும், தெரியாமல் இருந்தபோது என்ன நினைத்தார்கள் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. சிறுகோள்களிடம், அதாவது கோளாகச் சேராமல் சூரியனைச் சுற்றிவரும் கற்களிடம், இந்தக் குறை கிடையாது. பூமியில் விழும் விண்கற்கள் பெரும்பாலும் அவற்றின் உடைசல்தான். அவை இன்னும் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இன்று இரவும் எங்கோ ஒரு தொலைநோக்கியில் புதிதாக ஒன்று மாட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு கல் தெரியும், அங்கிருந்தே தொடங்கலாம் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைக்கத்தான் ஒரு நாள் ஒரு தாய் வந்தாள். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, பொழுது விடியும் முன்பே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். “இன்னாக்கா, கல்லு கில்லுன்னு சொல்லிக் குடுத்துட்டீங்க? புள்ள மாடியில படுக்க மாட்டேங்குது. தூக்கத்துல எழுந்து ஓடு மேல பாக்குது. வேற எதுனா சொல்லுங்களேன், ரயிலு, ராக்கெட்டுன்னு.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மனதில் தங்கிவிட்டது. பயந்த பிள்ளையிடம் சிறுகோளைப் பற்றிப் பேசலாமா? பேசாமல் விட்டால் அந்தப் பயம் போய்விடுமா, ஓட்டுக்கு மேலே அப்படியே உட்கார்ந்திருக்குமா? ரொம்ப நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு வழி காட்டியது ஒரு குவாரிக்காரர் மகன்.

கண்ணாடிக் கணக்கு

குப்பம் பக்கம் கிரானைட் குவாரிகள் அதிகம். அந்தப் பையனுடைய அப்பா அங்கே வெடி வைக்கிறவர். நான் நாட்றம்பள்ளி பற்றி எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் எல்லாம் உடைந்ததாம் என்று யாரோ சொன்னதும் அவனாகவே ஆரம்பித்தான். “மேல இருந்து கல்லு வுழுந்தா ஓடு உடையும் டீச்சர். கண்ணாடி எப்படி உடையும்? எங்கப்பா வெடி வெக்கிறப்பதான் கண்ணாடி அதிரும்.” ஒன்பது வயது இருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவன் சொன்னதில் பாதி சரி. கையளவு விண்கல் ஒன்று காற்று மண்டலத்துக்குள் வரும்போது எவ்வளவு வேகத்தில் வந்தாலும் காற்று அதைத் தடுத்துத் தடுத்து வேகத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது. கடைசிச் சில கிலோமீட்டர் அது மாடியிலிருந்து தவறவிட்ட கல்லைப் போல விழுகிறது, வெடிப்பதில்லை. தீப்பிடித்துக்கொண்டு தரையில் மோதும் என்பதெல்லாம் சினிமாவில்தான்.

பாதிதான் சரி என்று சொன்னேன் அல்லவா, மற்றப் பாதிக்காக போனில் செல்யாபின்ஸ்க் வீடியோவைக் காட்டினேன். 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவில் காலை நேரம். சுமார் இருபது மீட்டர் அகலக் கல் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து முப்பது கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்தது. ஒரு நொடி சூரியனைவிடப் பிரகாசம். தெருவில் போன கார்களின் கேமராக்களில் எல்லாம் அது பதிவாகியிருக்கிறது. என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிட்டது, அதிர்வு வர ஓரிரு நிமிடம் ஆனது. ஜன்னலில் நின்றவர்கள் மேல் கண்ணாடி நொறுங்கியது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் சிகிச்சைக்குப் போனார்கள், ஒருவரும் சாகவில்லை. நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வெளிச்சத்தைப் பார்த்த உடனே நாற்பத்து நான்கு பிள்ளைகளையும் மேஜைக்கு அடியில் போகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை, அவர் கையைத்தான் கண்ணாடி கிழித்தது. இந்த இடத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள்.

குவாரிப் பையன் யோசித்தான். “அப்போ மேலேயே வெடிச்சா கண்ணாடி உடையும்.” சரி என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்து வேறு பேச்சுக்குப் போகப் பார்த்தேன். தூணோரம் சாய்ந்துகொண்டு, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், தெலுங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், மெதுவாகக் கேட்டாள்: “மேடம், அங்க ஊரெல்லாம் உடைஞ்சுது. இங்க அப்படி வெடிச்சிருந்தா வாணியம்பாடியிலயும் உடைஞ்சிருக்கணும் இல்ல? நம்ம ஊர்ல?”

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. சின்னக் கல் என்றால் வெடிக்காது, பெரிய கல் என்றால் ஒரு வளாகத்தோடு நிற்காது என்று இரண்டு பக்கத்தையும் அவளே பிடித்துவிட்டாள். செய்தியில் வந்தது அந்த ஒரு இடத்துக் கண்ணாடிகள்தான். அடுத்த கேள்வி தானாக வந்தது: பட்டப்பகலில் வானத்தில் யாராவது எதையாவது பார்த்தார்களா? அதை வீட்டுப்பாடமாக்கினேன். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள், ஆனால் ஒரே ஒரு கேள்வி: கேள்விப்பட்டது வேண்டாம், நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

அடுத்த வாரம் வந்த பதில்கள் அழகு. டிவியில் பார்த்தார்கள், போனில் பார்த்தார்கள், போலீஸ் ஜீப் போனதைப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டதாகச் சொன்ன ஓரிருவர் குவாரி வெடி என்று நினைத்தார்களாம், இல்லையென்றால் லாரி டயர். வானத்தில் எதையும் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் சற்றுத் தள்ளி இருப்பது, அதனால் இது ஒன்றும் சாட்சியம் ஆகிவிடாது. அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். பார்த்ததும் கேட்டதும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டார்களே, அது போதும் என்று இருந்தேன்.

அப்போது இரண்டு விஷயம் நடந்தது. ஒரு பையன் கேட்டான், “அப்போ பொய் சொன்னது யாரு டீச்சர்?” இன்னொருவனுடைய தாத்தா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். “ஒரு ஆளு செத்துப் போயிருக்கான். நீங்க கண்ணாடிய எண்ணிக்கினு இருக்கீங்க.” பையனுக்குப் பதில் சொல்ல முடிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஒருவர் செத்த உடனே ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், கையில் முதலில் கிடைத்த பதிலைப் பிடித்துக்கொள்வார்கள், நானும் அன்று அப்படித்தான் நம்பினேன். தாத்தாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. காபி கொடுத்தேன், குடித்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சாவை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எனக்கும் உறுத்தியது. ஆனால் இதையும் யோசித்தேன்: வானம் கொன்றது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. வேறு ஏதோ என்றால் கேள்வி உண்டு. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இவற்றில் எது என்று நானே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. என்ன வெடித்தது என்ற பேச்சுக்குள் வகுப்பில் நான் போகவும் இல்லை. அது எங்கள் வேலை அல்ல.

சூளகிரியில் நிஜமாகவே விழுந்தது

இதில் எனக்கு ஆறாத ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் சந்தேகமே இல்லாமல் ஒரு விண்கல் விழுந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 12, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் வழியில் சூளகிரி. பல துண்டுகள், எல்லாம் சேர்த்து சுமார் 110 கிலோ. ஆராய்ந்து, வகைப்படுத்தி, உலகப் பட்டியலில் ஊர்ப் பெயராலேயே ஏற்றியிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அதனாலேயே யாருக்கும் ஞாபகமும் இல்லை. சூளகிரி வழியாக வாரா வாரம் பெங்களூர் போய்வரும் ஒருவரிடம் கேட்டேன், அப்படியா என்றார்.

பிள்ளைகளுக்குச் சூளகிரியைச் சொன்னபோது ரஷ்யாவும் கூட வந்தது. எல்.எல். என்று ஒரு வகைக் கல் உண்டு, இரும்பு குறைவு, பெரும்பாலும் கல் தாதுக்கள். சூளகிரிக் கல் அந்த வகை. செல்யாபின்ஸ்க் கல்லும் அந்த வகை. ஜப்பான் ஹயபுசா என்று ஒரு விண்கலத்தை அனுப்பியது. இடோகாவா என்ற சிறுகோளைத் தொட்டுவிட்டு 2010இல் அது கொஞ்சம் தூசியோடு திரும்பி வந்தது. அந்தத் தூசியைப் பார்த்தால் அதுவும் இதே வகை. மேலே போய் எடுத்து வந்ததும், கீழே தானாக வந்து விழுந்ததும் ஒத்துப்போகின்றன. விழும் கற்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. வயசு என்ன என்று கேட்டார்கள். இந்தக் கற்களின் பொருள் உருவாகி 450 கோடி வருஷத்துக்கு மேல். ஏலகிரியைவிடவா? ஏலகிரியைவிட, பாலாற்றைவிட, இந்தப் பூமி உருண்டு முழுசாகச் சேர்ந்ததைவிட.

அதற்கப்புறம் ஒரு மாதம் என் திண்ணை கல் கிடங்கு ஆனது. கறுப்பாக எதைப் பார்த்தாலும் எடுத்து வந்தார்கள். பெரும்பாலும் இரும்புக் கசடு, குவாரி உடைசல், ரயில் ஜல்லி. காந்தம் வைத்துப் பார்ப்போம், தூக்கிப் பார்ப்போம், மேல்தோல் உள்ளே இருப்பதிலிருந்து வேறாக இருக்கிறதா என்று உடைந்த ஓரத்தைப் பார்ப்போம். காந்தம் ஒட்டினால் மட்டும் விண்கல் ஆகிவிடாது என்பதற்குக் கசடே சாட்சி. ஒட்டவே தயங்கும் விண்கல்லும் உண்டு என்பதற்குச் சூளகிரிக் கல். ஒன்றும் தேறவில்லை. தேறியிருந்தால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் புவியியல் ஆய்வுத் துறைதான் காப்பாளர். இதைக் கேட்டதும் சிலருக்கு ஆர்வம் சட்டென்று இறங்கிவிட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்த மூட்டையை என் வீட்டுக்காரர் ஒரு நாள் ரோட்டுப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தார்.

நகர்ந்த புள்ளி

பயந்த பிள்ளையை மறக்கவில்லை. அவளுக்கு மருந்தாக இருந்தது வெற்றிடம். பள்ளிச் சுவர்ப் படத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்களைச் சாலை போடக் கொட்டிய ஜல்லி மாதிரி வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்தால் யாருக்குமே பயம் வரும். நிஜத்தில் அங்கே போய் நின்றால் கண்ணுக்கு ஒரு கல்கூடத் தெரியாது. 1972இல் கிளம்பிய பயனியர் 10 முதன்முதலாக அந்த வட்டாரத்தைக் கடந்துபோனது, அதற்குப் பிறகு எத்தனையோ விண்கலங்கள் போய்விட்டன, எதுவும் முட்டிக்கொள்ளவில்லை. அங்குள்ள கல் அத்தனையும் சேர்த்து எடை போட்டாலும் நம் நிலாவில் நூற்றில் மூன்று பங்குதான் வரும். விண்கல் நேராக மனிதர் மேல் பட்டதாக நன்றாகப் பதிவான சம்பவம் என்று பார்த்தால் 1954இல் அமெரிக்காவில் அலபாமா. கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, ரேடியோவில் மோதித் தெறித்து, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் பட்டது. பெரிய கன்றல், அவ்வளவுதான். எழுந்து நடந்தார். பயந்த பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தாள். பயம் போனதா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் திரும்பி வரும்.

இத்தனை வெற்றிடத்தில் அந்தக் கல்லை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? இரண்டு தாள் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள், ஒன்றில் மட்டும் ஒரு புள்ளி கொஞ்சம் தள்ளி. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நகர்ந்த புள்ளி மாட்டிக்கொள்ளும். அந்த ஷூ கம்பெனிக்காரர் மகள்தான் எல்லோரையும்விட வேகமாகக் கண்டுபிடித்தாள். அவள் அம்மாவுக்கு அங்கே தோலில் புள்ளி, கீறல் பார்த்து ஒதுக்கும் வேலை. கண் அங்கிருந்து வந்திருக்கும். ஒரு விவசாயி மகன், 24 வயசு, கல்லூரிப் பக்கம் போகாதவன், இப்படி இரண்டு படத்தை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தான் என்று சொன்னேன். அதற்குப் பெயர் சொன்னது இங்கிலாந்தில் பதினொரு வயசுச் சிறுமி.

அப்புறம் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு மேலே ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே ராஜமோகன் குழுவினர் 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு ராமானுஜன் என்று பெயர். பட்டியலில் எண் 4130. இப்போதும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் மலையில் இருந்தா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே மெட்ராசில் இந்த வேலை நடந்திருக்கிறது. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் போக்சன் என்ற வெள்ளைக்காரர் 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைப் பார்த்தார், ஆசியா என்று பெயர் வைத்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது, எண் 67. பிற்பாடு சில்வியா, கமிலா, வேரா என்று இன்னும் சில. இப்போது அந்த வட்டாரத்தில் நின்று இரவில் அண்ணாந்தால் நிலாவைத் தவிர என்ன தெரியும் என்பது வேறு கதை.

சிநேகிதியிடம் இதையெல்லாம் சொன்னால், சரி, கோள்கள் எப்போது வரும் என்பாள். நான் கூப்பிடாமலே வந்தன. “அந்தக் கல்லுங்க ஏன் சேந்து ஒரே உருண்டையா ஆகல?” என்று குவாரிப் பையன் கேட்டான். அதற்குப் பதில் வியாழன். மற்ற எல்லாக் கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதில் பாதி எடைகூட வராது. அவ்வளவு பெரியவர் பக்கத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தால் கற்கள் நிதானமாகச் சேர முடியாது, வேகமாக மோதி உடையத்தான் செய்யும். அதற்குப் பிறகு பைனாகுலரைச் சுவரில் ஊன்றி வியாழனைக் காட்டினேன், பக்கத்தில் வரிசையாக நிலாக்கள். எண்களும் பெயர்களும் அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். செரஸ் என்ற பெரிய சிறுகோளின் கதைக்கும் நல்ல வரவேற்பு. 1801இல் கண்டுபிடித்தபோது அதைக் கோள் என்றுதான் சேர்த்தார்கள், கூட்டாளிகள் நிறையக் கிடைத்த பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2006இல் புளூட்டோவுக்கு நடந்தது புதிதல்ல என்று தெரிந்ததும் புளூட்டோ கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சமாதானம் ஆனார்கள்.

வால்நட்சத்திரத்தில் நான் அவ்வளவாக ஜெயிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். 2024இல் சுசின்ஷான்-அட்லஸ் வந்தபோது மேகம் பாதி, ஹைவே வெளிச்சம் பாதி. அக்டோபர் நடுவில் சாயங்காலம் மேற்கே மங்கலாக ஒரு தீற்றல். “இதுதானா?” என்றார்கள். படத்தில் பார்த்த வாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹாலி 2061இல் வரும் என்றால் யாருக்கு அக்கறை. ஆனால் ஹாலி உதிர்த்துவிட்டுப் போன தூசி வருஷா வருஷம் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நம் காற்றில் எரிகிறது, அதைப் பார்க்க மாடி போதும். டிசம்பர் 13, 14 இரவுகளில் விழுவது அதைவிட நன்றாக இருக்கும், அது பேத்தான் என்ற சிறுகோள் விட்டுச் சென்ற தூசி. பெரும்பாலும் மணல் அளவுதான், எண்பது, நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடும். ஒரு வருஷம் மார்கழிக்கு முன்பனியில் போர்வையோடு மாடியில் படுத்தோம். கோடு விழும்போதெல்லாம் கத்தினார்கள், நடுராத்திரியில் பக்கத்து வீட்டு நாய் கூடவே குரைத்தது. பாதி நேரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்து, எனக்குத் தெரியலை என்று சண்டை. முதலில் மாடிக்கே வர மாட்டேன் என்றவள் போர்வைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லோருக்கும் அபோபிஸ் என்ற சிறுகோள் மேல் பைத்தியம். 2004இல் கண்டுபிடித்தபோது, 2029இல் பூமியில் மோதலாம் என்று கொஞ்ச நாள் கணக்கு பயமுறுத்தியது, நூற்றில் இரண்டே முக்கால் அளவு வாய்ப்பு. மேலும் மேலும் அளந்த பிறகு அது பூஜ்ஜியம் ஆனது, இன்னும் நூறு வருஷத்துக்கும் கவலையில்லை என்று 2021இல் உறுதி செய்துவிட்டார்கள். முந்நூறு மீட்டருக்கு மேல் அகலம், பூமிக்கு சுமார் 32,000 கிலோமீட்டர் பக்கத்தில் கடந்து போகும். டிவிக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்கள்கூட அதைவிட எட்டத்தில்தான் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறும் கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும். மிக அருகில் வரும் நேரம் நம் கணக்குக்கு 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்று மணி தாண்டி. அப்போது தனக்கு என்ன வயசு, எந்த வகுப்பு என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த அந்த ஷூ கம்பெனிக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏப்ரல் பதினாலா? அது வருஷப் பிறப்பாச்சே. கம்பெனி லீவுதான். எத்தினி மணிக்குன்னு சொன்னீங்க?”